கேப்டன் கொடுத்த டீ டப்பா

காலடிப்பேட்டை,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் மதிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், என் மானம் மட்டும் கொஞ்ச நாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. கிளாஸ்கோவில் குளிர் எப்படி, உன் சளி விட்டதா, வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்து வரைகிறாயே, அந்த இடத்துக்காவது ஹீட்டர் சூடு வருகிறதா என்று எழுது. தினமும் வீடியோவில் பார்க்கிற பெண்ணுக்குக் கடுதாசி எதற்கு என்று நீ கேட்பாய். வீடியோவில் என் மூஞ்சி தெரியும் கண்ணு, அதுதான் இடைஞ்சல். போன வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை மின்விசிறிப் பக்கம் திருப்பிவிட்டு, நெட்வொர்க் சரியில்லை, நெட்வொர்க் சரியில்லை என்று கத்தினேன் அல்லவா, நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் சரியில்லை. இதை எழுதி முடித்ததும் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். என்னை அனுப்பச் சொன்னால் முக்கியமான பக்கம் மட்டும் அனுப்பாமல் போய்விடும் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானது.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முட்டியைத் திட்டுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். உன் சித்தப்பா மகன் அன்புமணிக்கு மணலி கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அன்றிலிருந்து சட்டையை இன் பண்ணாமல் பால் பாக்கெட் வாங்கக்கூடத் தெருவில் இறங்குவதில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து இறால் கொண்டுவருகிற பூவம்மாவிடம் அம்மா ஒவ்வொரு இறாலாக முகர்ந்து பார்த்து இதில் எண்ணெய் வாசம் அதில் சாம்பல் வாசம் என்கிறாள், பூவம்மா, ஒனக்கு இன்னாமா, மல்லிப்பூ வாசத்துல எறாவு வோணுமா, என்கிறாள், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதே இறாலைத்தான் வாங்கி விற்கிறார்கள். பக்தவச்சலம் மாமா மீசைக்கு மட்டும் சாயம் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். தலை பஞ்சு, மீசை கரி. எதிரே வரும்போது காக்கா ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. இதுவரைக்கும் எழுதியதை அம்மா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள். இன்னாய்யா, விசயத்த எழுதச் சொன்னா ஊர்க் கதைய எழுதிகினு கீறே, என்கிறாள். சரி, எழுதுகிறேன்.

உன் ‘வரிசை’ படத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பழைய பொருள்களை அச்சு அசலாக வரைகிறவர்கள் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து ராயபுரத்துப் பழைய கிடங்கில் கண்காட்சி வைக்கிறார்கள், என்னால் வர முடியாது, எனக்குப் பதிலாக நீ போ நைனா என்று சொன்னாய். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அதில் இருக்கிற நிஜப் பொருளில் ஒன்றை வைக்கப் போகிறார்கள், அதனால் நம் எனாமல் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடு என்றாய். கழுவாதே, துடைக்காதே, தூசியோடு கொடு என்றாய். அட்டையில் படத்தின் பேர் மட்டும் போதும், யாராவது கேட்டால் நீயே சொல்லு, அந்தக் கதையை உன்னை மாதிரி யாராலும் சொல்ல முடியாது என்றாய். அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

முதலில் டப்பாவைக் கழுவினேன். கோபப்படாதே, இன்னும் நிறைய இருக்கிறது, கோபத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள். பரணிலிருந்து இறக்கியதும் அது என்ன டப்பா என்பது ஞாபகம் வந்து, இதையா நாலு பேர் நடுவில் வைப்பது என்று கை தானாகவே குழாயடிக்குப் போய்விட்டது. சோப்புப் போட்டேன், வெந்நீர் ஊற்றினேன், வெயிலில் காயவைத்தேன். மனசு ஆறவில்லை. என் சந்தனப் பவுடரை உள்ளே கொட்டி ஒரு குலுக்குக் குலுக்கினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, பொண்ணு பாக்கவா இட்டுகினு போறே அந்த டப்பாவ, என்றாள்.

அன்று சாயங்காலம் கிடங்குக்குப் போனால் வெளியே கன்டெய்னர் லாரி வரிசை, உள்ளே அடையாறு பக்கத்திலிருந்து கார் போட்டு வந்தவர்கள் வரிசை. லாரி ஒவ்வொன்றும் போகும்போது சுவரில் இருக்கிற படமெல்லாம் லேசாகத் தலையாட்டியது. அந்த இடத்தை நடத்துகிற ஐரீன் நல்ல பெண். மதி அப்பாவா, வாங்க அங்கிள், என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் மற்றவர்கள் படத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருவர் வெள்ளிப் பன்னீர்ச்செம்பு வரைந்திருக்கிறார், பக்கத்தில் நிஜப் பன்னீர்ச்செம்பு. ஒருத்தி கிராமபோன் குழாயை வரைந்திருக்கிறாள், பித்தளையில் முகம் பார்க்கலாம். ஊஞ்சல் சங்கிலி, கோர்ட்டு கடிகாரம், யாருடைய தாத்தாவோ பாரிஸிலிருந்து வாங்கி வந்த கைக்கண்ணாடி. எல்லோருக்கும் பழசு என்றால் பரம்பரையாக இருக்கிறது. அந்த வரிசையில் நட்ட நடுவே, நல்ல வெளிச்சத்தில், உன் படம். சிமெண்டுத் திண்டில் முன்னால் நம் டப்பா, பின்னால் அந்த நாள் பக்கத்து வீட்டுப் பக்தவச்சலத்தின் எண்ணெய் டின். வெள்ளை எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்து கறுப்புத் தெரிகிற இடம், அந்தக் கறுப்பைச் சுற்றித் துரு டீ சிந்தின மாதிரிப் பரவியிருக்கிற இடம், கம்பிப் பிடி வளைந்து நிழல் விழுகிற இடம், நம் வீட்டு அடையாளத்துக்கு வைத்த சிவப்புக் கோடு பாதி தேய்ந்து நிற்கிற இடம், எதையும் விடவில்லை நீ. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் போல இருந்தது. வீட்டில் நீ வரைந்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த இடத்தில் பார்த்தபோது, இவள் எதற்கு இவ்வளவு தெளிவாக வரைந்தாள், கொஞ்சம் மங்கலாக வரைந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. இதை எழுதுகிற கையை வெட்டலாம்.

அப்போதுதான் ஒரு தம்பதி வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றார்கள். ஞானதுரை என்று பெயர், ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், பழைய சாமான் சேர்ப்பதில் பைத்தியம். வீட்டம்மா தங்கபுஷ்பம். ரொம்ப நேரம் பார்த்தார்கள், அப்படி நின்று பார்த்தவர்கள் அன்றைக்கு அந்தக் கிடங்கிலேயே வேறு யாரும் இல்லை. பிறகு அந்தம்மா என்னிடம் திரும்பி, அண்ணாச்சி, இது என்னத்துக்குப் புழங்குன டப்பா, என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். பக்கத்தில் ஐரீன் நிற்கிறாள், இன்னும் நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியாதா. புளியந்தோப்பு குடியிருப்பில் மாடிக்கு ஒரு கக்கூஸ், காலையில் வீட்டுக்கு ஒரு டப்பா வரிசையில் நிற்கும், டப்பா நின்றால் ஆள் நின்ற மாதிரி, அடுத்தவன் டப்பாவை யாரும் தொடக் கூடாது, தொட்டால் அன்றைக்குப் பஞ்சாயத்து, டப்பாவை வைத்துவிட்டு வந்து பல் தேய்த்து டீ குடித்துப் பாடம் படித்தோம், எங்கள் எல்லோருக்கும் பதிலாக இது நின்றது என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். வீட்டுக்குள் அவ்வளவு சுலபமாக வந்த கதை அன்றைக்கு வரவில்லை. கிராமபோனும் பன்னீர்ச்செம்பும் இரண்டு பக்கமும் நின்று என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. என் அப்பா எனக்கு பீம்ராவ் என்று பேர் வைத்தது எந்த இடத்திலும் தலை குனியாமல் நிற்பதற்காக. நான் நிமிர்ந்துதான் நின்றேன், நிமிர்ந்து நின்றபடி பொய் சொன்னேன்.

டீத்தூள் டப்பா என்றேன். எங்கள் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கினார், அவருடைய நேர்மையைப் பார்த்து ஒரு கப்பல் கேப்டன் டீத்தூளோடு கொடுத்த டப்பா என்றேன். தாத்தா மூட்டை தூக்கியதும், டப்பா கப்பல் கழிவுச் சாமானில் வந்ததும் உண்மை. கேப்டன் மட்டும் அங்கேயே அப்போதே பிறந்தவர். அப்படியா, என்று எல்லோரும் இன்னும் கிட்டே வந்தார்கள். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, நாலு பேர் காது கொடுத்தால் என் வாய் தெருக் குழாய் மாதிரி, மூடத் தெரியாது. அடுத்த கும்பலுக்குச் சொல்லும்போது கேப்டனுக்குத் தாடி முளைத்தது. அதற்கடுத்த கும்பலுக்கு அவர் தோளில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. விளக்கை அணைக்கிற நேரத்தில் கேப்டன் என் தாத்தாவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுக் கப்பல் ஏறினார். பின்னால் இருக்கிற டின் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார், அது சர்க்கரை டின் என்றேன். ஐரீன் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாளே அழகான அட்டையில் அச்சடித்து உன் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள். மதி இதெல்லாம் சொல்லவே இல்ல பாருங்க அங்கிள், அவளுக்கு எவ்வளவு அடக்கம், என்றாள்.

மறுநாள் பக்தவச்சலம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன், என் பெருமையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி அட்டையை முழுசாகப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். ஏன் மாமு, அந்த கேப்டன் நம்ம மூணாவது மாடி லைன்ல எனக்கு முன்னால நின்னாரா பின்னால நின்னாரா, என்றார். மெதுவாகத்தான் கேட்டார். சும்மா இருப்பா, ஆளுங்க கீறாங்க, என்றேன். அதற்கு அவர், எங்க வூட்டு டின்னுல சக்கரையா, தெரிஞ்சிருந்தா அப்பவே டீ போட்டுக் குடிச்சிருப்பேனே, என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தார். கேலி பண்ணியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. தெரு முனையில் பிரியும்போது மட்டும், ஒன் பொண்ணு நம்ம டின்ன கேட்டு வாங்கிகினு போயி வரைஞ்சப்போ எங்கூட்டுக்காரி அழுதா மாமு, அத போயி, என்று ஆரம்பித்து முடிக்காமல் போய்விட்டார்.

அதற்குள் ஞானதுரை படத்தை வாங்கிக்கொண்டார். இதைத்தான் நான் உனக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன். நீ அங்கே மெத்தையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். டப்பா படத்தையா, அத என்னான்னு தெரிஞ்சும் ஒருத்தர் வூட்ல மாட்றாரா நைனா, என்று கேட்டுக் கேட்டு அழுதாய். ஆமாம் என்றேன். டப்பா பத்திரமா என்று கேட்டாய். பத்திரம் என்றேன். பத்திரம்தான், ஆனால் அப்போது அது நம் கையில் இல்லை. படத்தோடு டப்பாவும் இருந்தால்தான் அழகு என்று ஞானதுரை கேட்டார், உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். எப்படி மறுப்பது, மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. டப்பாவை வாங்கியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் காலத்துத் தேயிலை வாசம் இன்னும் போகலையே, என்று கண்ணை மூடினார். அது என் சந்தனப் பவுடர்.

கண்காட்சி முடிந்ததும் படம் அவர் வீட்டுக்குப் போயிற்று. போன வாரம் அவரே போன் செய்து, படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறோம், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் டீக்கு வரணும் என்றார். அம்மாவுக்குக் கேப்டன் சங்கதி அதுவரைக்கும் அரைகுறையாகத்தான் தெரியும், பஸ்ஸில் மீதியைச் சொன்னேன். தண்டையார்பேட்டையில் சொல்ல ஆரம்பித்தது, இறங்குகிற இடத்தில்தான் முடிந்தது. வீடு பெரிய வீடு. மகன் அபின், மருமகள் ஜெஸ்லின் எல்லோரும் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். உன் படத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள் மதி. மேஜையில் நம் டப்பா. அதற்குத் தேக்கில் ஒரு மூடி செய்து, மேலே சின்னதாக ஒரு நங்கூரம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தங்கபுஷ்பம் அம்மா எங்கள் கண் முன்னாலேயே அந்த மூடியைத் திறந்து, ஸ்பூனால் தேயிலை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள். வெந்நீர் ஊத்திக் கழுவி இதுலதான் இப்ப தேயிலை போட்டு வைக்கேன், உங்க தாத்தா ஞாபகமா இருக்கட்டும்னு, என்றார்கள். ஜெஸ்லின், இதுல வச்ச பெறகு டீக்கு ஒரு தனி மணம் அங்கிள், என்றது. போன ஞாயிற்றுக்கிழமை எங்க பாஸ்டர் வந்தப்பக்கூட இந்த டீதான் குடுத்தோம், கேப்டன் கதையச் சொல்லி ஜெபத்துலயே சேத்துக்கிட்டாரு, என்றார் ஞானதுரை.

கோப்பை என் கைக்கு வந்தது. அம்மா கைக்கும் வந்தது. அம்மா குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை, என்னையே பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள், இந்தப் பார்வை புதுசு. தங்கபுஷ்பம் அம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டு போனார்கள். அம்மா, குடிக்காதீங்க, என்றேன். சூடா இருக்கா, என்றார்கள். இல்லை, என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று நினைக்காதே. உனக்குச் சொல்கிற மாதிரி வரவில்லை, சிரிப்பு வரவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிற மாதிரித்தான் வந்தது. கக்கூஸ் என்கிற வார்த்தையைச் சொன்னதும் ஜெஸ்லின் எழுந்து உள்ளே ஓடியது, உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அபின் என் பக்கம் ஒரு அடி வைத்தான், ஞானதுரை கையைக் காட்டி நிறுத்தினார்.

திட்டியிருந்தால் தேவலை. தங்கபுஷ்பம் அம்மா கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, அன்னைக்கு நான் சும்மாத்தான கேட்டேன் அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லிருந்தா கேட்டுக்கிட்டிருப்பம்லா, எங்கப்பா பனங்காட்டுல செம்பு தூக்கிட்டுப் போனவருதான, எங்களுக்குத் தெரியாத காரியமா, என்றார்கள். அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞானதுரைதான், தெரிஞ்சு வாங்கிருந்தா அது வேற, டப்பாவ ஷோ கேஸ்ல வச்சிருப்பேன், இப்படி வாயில வைக்க விட்டுட்டீரே, நான் கடைக்கு வாரவன் போறவன்ட்டல்லாம் கேப்டன் கதைய அளந்துட்டேன், இனி எந்த மூஞ்சிய வச்சு மாத்திச் சொல்ல, இந்தப் படத்தப் பாக்கும்போதெல்லாம் நீர் சொன்ன பொய்தான் ஞாபகம் வரும், கொண்டு போயிரும், என்றார். அவரே நாற்காலி போட்டு ஏறி, படத்தை இறக்கி, போர்வையில் சுற்றிக் கொடுத்தார். தேயிலையைக் கொட்டிவிட்டு டப்பாவையும் மூடியையும் அம்மா கையில் கொடுத்தார்கள். மூடி எங்களுது இல்ல, என்றாள் அம்மா. டப்பாவுக்குன்னு செஞ்சது அதுகூடத்தான போகணும், என்றார்கள் தங்கபுஷ்பம் அம்மா. ஆகமொத்தம், விற்றுப்போன உன் படம் விற்காத படமாகிவிட்டது கண்ணு. நீ தூரத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டதெல்லாம் வெறும் காற்றாகப் போய்விட்டது. அதை உன்னிடமிருந்து பிடுங்கியவன் நான்.

மறுநாள் ஐரீனிடம் போய்ச் சொன்னேன். அவள் கோபக்காரி இல்லை, ஆனால் அன்றைக்கு உட்காரக்கூடச் சொல்லவில்லை. மதி ஒரு துரு புள்ளியைக்கூட இல்லாத எடத்துல வச்சதில்ல அங்கிள், ரெண்டு மாசம் அந்த டப்பாவையே பாத்துப் பாத்து நிஜத்த மட்டும் வரைஞ்சிருக்கா, அதுக்குக் கீழ பொய்யக் கொண்டு வந்து நாமதான் ஒட்டியிருக்கோம், என்றாள். நாம என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது அவள் நல்ல குணம். அடுத்த மாதம் இதே கண்காட்சி பெங்களூருக்குப் போகிறது, படம் போகலாமா வேண்டாமா, போனால் அட்டையில் என்ன போடுவது என்று மதிதான் சொல்ல வேண்டும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். அந்தக் கடைசி உத்தரவு எனக்கு வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஞானதுரை வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்தோம். படம் என் முட்டிக்கு நடுவில், டப்பா அம்மா மடியில். எஸ்.என். செட்டித் தெருவில் லாரி நெரிசல், ஆட்டோ நகரவே இல்லை. போர்வை நழுவிப் படத்தின் மேல் வெயில் விழுந்தது. இறங்கி ஓடலாமா என்று இருக்கிறவனுக்கு வேறு எங்கே பார்ப்பது, படத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். டப்பாவின் வயிற்றில், எனாமல் பெயராமல் பளபளவென்று இருக்கிற இடத்தில், நம் வீட்டு ஜன்னல் வளைந்து தெரிகிறது. அது முன்பே தெரியும். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு ஆள் நிற்கிறான், அதைத்தான் நான் பார்த்ததே இல்லை. பனியன், நீல லுங்கி, கையில் டம்ளர். அம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இது நீதான்யா, தொப்பையப் பாரு, என்றாள். மனுஷங்களை வரைய மாட்டேன், சாமான்தான் வரைவேன் என்று சொல்கிறவள் நீ. எதிரே நின்றது நான், டப்பாவில் தெரிந்தது நான், அதனால் அப்படியே போட்டுவிட்டிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லாமல். நான் அத்தனை பேர் நடுவில் கேப்டனுக்குத் தாடி வைத்துக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் லுங்கியோடு அங்கேயேதான் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, இன்னா சார், ஒடம்பு சரியில்லியா, என்று கேட்டார். வண்டிப் புகை என்றேன். ஆட்டோக்காரரிடம் ஒரு பொய், அதை மட்டும் நீ மன்னிக்கலாம்.

மற்றதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கோபமாக இருந்தால் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஆனால் அம்மாவோடு பேசாமல் இருந்துவிடாதே. பக்தவச்சலம் மாமா வீட்டுக்குப் போய் அவரிடமும் அவர் வீட்டம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவர், போவட்டும் மாமு, ஒக்காரு, என்று டீ கொடுத்தார், அதைக் குடிப்பதற்குள் மூன்று முறை டம்ளரைக் கீழே வைத்தேன். படத்தைப் பெங்களூருக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். அனுப்பினால் நானும் கூடப் போகிறேன், யாராவது கேட்டால் இந்த முறை ஒழுங்காகச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கும், வெட்கத்தோடேயே சொல்கிறேன். அட்டையில் போட ஒரு நாலு வரி எழுதிப் பார்த்தேன். ஐரீன் என்னை எதுவும் சொல்லக் கூடாது என்றிருக்கிறாள், அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் அடித்துவிடு.

எங்கள் வீட்டு டப்பா. புளியந்தோப்பு குடியிருப்பில் கக்கூஸ் வரிசையில் எங்களுக்குப் பதிலாக நின்றது. பின்னால் நிற்பது பக்கத்து வீட்டு டின். டப்பாவில் தெரிகிறவர் என் அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டருக்குள் அம்மா கொடுத்த பனியனையும் போட்டுக்கொள். நீ வரைகிறதெல்லாம் நல்ல இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நீ தலை நிமிர்ந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஐரீனுக்கு இந்த வாரமே நீயே போன் போடு, அவள் உனக்காகத்தான் காத்திருக்கிறாள். எனக்குப் போன் போடத் தோன்றுகிற அன்றைக்குப் போடு, இனிமேல் மின்விசிறியைக் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
பீம்ராவ்